கடலோர ஊரில் வீடு பார்க்கிறீர்களா?
கடலோரச் சின்ன நகரத்தில் வாடகைக்கு வீடு பார்ப்பதாக இருந்தால், அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த ஓரிரு நாளில், ஓதம் (கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது) உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். சூரியனும் சந்திரனும் பூமியோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் வருவதால் அப்போது கடல்மட்டம் வழக்கத்தைவிட ஏறும். தாழ்வான தெருவாக இருந்தால் மழையே இல்லாமல் சாக்கடை வழியாகத் தண்ணீர் பின்னோக்கி வந்து நிற்கும், தரகர் கூட்டிப்போகிற நேரத்தில் இது கண்ணில் படவே படாது. உச்ச நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேட்டின் அடியில் மட்டும் துரு, சுவரில் முழங்கால் உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்த கோடு, இதையும் கவனியுங்கள். அப்புறம் படகுத்துறையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தத் தெரு முதலில் நனையும், வண்டியை எங்கே ஏற்றி நிறுத்துவார்கள் என்பதெல்லாம் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரியும் (வீட்டுக்காரருக்கும்தான், சொல்லமாட்டார்).

ஏரிக்கரை, முகத்துவாரத்துக்கு வெகுதூரம் உள்ளே இருக்கும் ஆற்றங்கரை ஊர்களுக்கு இது உதவாது. அங்கே பெருமழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். பால்டிக் கடல் கரையிலும் ஓதம் பெயருக்குத்தான், தண்ணீரை ஏற்றுவது காற்று.