கவுன்டி வருமானத்தைக் கோடாக இழுக்கும் முன்

அமெரிக்க கவுன்டிகளின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மீடியன் குடித்தன வருமானத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடித்தனத்தின் வருமானத்தை, ஆண்டுவாரியாகக் கேட்டால், இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் மறுநாளே ஒரு கோடு போட்டுக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஏற்ற இறக்கமே இல்லாமல் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒவ்வொரு கவுன்டிக்கும் உள்ள குறியீடான ஃபிப்ஸ் எண்ணின் முன்பூஜ்யத்தை எக்செல் விழுங்குவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை டேபிள்களைச் சேர்க்கும்போதே பல்லிளித்துவிடும். சத்தமில்லாமல் அறிக்கை வரை போய்விடுகிறவைதான் ஆபத்து.

ஐந்தாண்டுக் கோப்பை ஓராண்டாக எடுத்துக்கொள்வது

இந்த வருமானக் கணக்கு சென்சஸ் பீரோ நடத்தும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயிலிருந்து வருகிறது. அதன் வழக்கமான ஓராண்டு மதிப்பீடு, 65,000 பேராவது வசிக்கும் இடங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். 3,100-க்கு மேற்பட்ட கவுன்டிகளில் பெரும்பாலானவை அந்த வரம்பைத் தொடாது. அவற்றுக்கு ஐந்தாண்டு மதிப்பீடுதான் கதி. ‘2019 ஐந்தாண்டு’ என்றால் 2015 முதல் 2019 வரை வாங்கிய பதில்களை எல்லாம் ஒன்றாகக் கொட்டி, 2019 டாலருக்கு மாற்றிக் கணக்கிட்டது. அடுத்த கோப்பு 2016–2020. நடுவில் உள்ள நான்கு ஆண்டுகளின் பதில்கள் இரண்டுக்கும் பொது. இரண்டையும் கழித்தால் கிடைப்பது 2020-க்கும் 2019-க்கும் உள்ள வித்தியாசம் இல்லை. 2015 வெளியே போய் 2020 உள்ளே வந்ததன் விளைவு, அதுவும் சுமார் ஐந்தில் ஒரு பங்காக.

ஒரு கவுன்டியின் வருமானம் 50,000-லிருந்து ஒரே ஆண்டில் 60,000-க்குத் தாவி அங்கேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுக் கோப்புகளில் அது ஏறக்குறைய 52,000, 54,000, 56,000 என்று படிப்படியாக ஏறுவதுபோல் தெரியும். உடனே யாராவது ‘சீரான வளர்ச்சி’ என்று எழுதிவிடுவார்கள்.

எங்களிடம் சேர்ந்த ஒரு தம்பி வடக்கு டகோட்டாவின் மெக்கென்சி கவுன்டியை எடுத்தான். பாக்கன் எண்ணெய் வயல் பகுதி. 2010-இல் 6,360 பேர், 2020-இல் 14,704 பேர். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30-க்கும் கீழே போனது. தம்பி ‘2016’ புள்ளியின் மேல் ‘விலைச் சரிவுக்குப் பிந்தைய நிலை’ என்று அம்புக்குறி போட்டிருந்தான்.

“இதுல எந்த வருஷத்துப் பதில் இருக்கு?”

“2016-ன்னுதானே அண்ணா போட்டிருக்கு?”

உள்ளே இருந்தது 2012–2016. எண்ணெய் கொழித்த ஆண்டுகள்தான் அதில் பாதி. மறுநாள் கூட்டம், ஸ்லைடுகள் ஏற்கெனவே வாடிக்கையாளருக்குப் போய்விட்டன. அந்த ஒரு அம்புக்குறியை நம்பி அவர்கள் வேறு மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் கோப்பின் பெயரில் உள்ள ஆண்டு கடைசி ஆண்டு மட்டும்தான்; ஒப்பிடும் ஐந்தாண்டுக் கோப்புகளின் காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது என்று சென்சஸ் பீரோவே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஒப்பிட வேண்டுமா? 2005–2009, 2010–2014, 2015–2019 என்று எடுங்கள். மூன்றே புள்ளிதான், பரவாயில்லை. எல்லாவற்றையும் ஒரே ஆண்டின் டாலருக்குக் கொண்டுவாருங்கள். பிழை வரம்பையும் பாருங்கள்: வெளியிடுவது 90 சதவீத வரம்பு, 1.645-ஆல் வகுத்தால் திட்டப்பிழை. இரண்டு மதிப்பீடுகளின் வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று திட்டப்பிழையை வைத்துப் பார்க்கும் வழக்கமான சோதனை, காலம் ஒன்றன்மேல் ஒன்று விழும் கோப்புகளுக்குப் பொருந்தாது. மாதிரிகள் தனித்தனி அல்லவே.

ஆண்டுவாரியாக வேண்டும் என்று அடம்பிடித்தால் சென்சஸ் பீரோவின் ‘சைப்’ (சிறு பகுதிகளுக்கான வருமான, வறுமை மதிப்பீடு) இருக்கிறது. சர்வேயோடு வரித் தாக்கல் விவரங்களையும் சேர்த்து மாடல் வழியாக எல்லா கவுன்டிகளுக்கும் ஆண்டுதோறும் தருகிறார்கள். ஆனால் 2005-இல் அதன் அடிப்படை சர்வேயே மாறியது. அங்கே கோட்டை வெட்டுங்கள். விலைவாசிச் சரிக்கட்டலும் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

2000 சென்சஸ் வருமானம் 2000-இன் வருமானம் இல்லை

1999-இல் சம்பாதித்ததைக் கேட்டார்கள். 1990 சென்சஸ் என்றால் 1989. விலைக் குறியீட்டை 2000-லிருந்து தொடங்கினால் 3.4 சதவீதம் எடுத்த எடுப்பிலேயே காணாமல் போகும்.

ஃபேமிலி வருமானத்தைக் கலப்பது

ஃபேமிலி என்றால் உறவினர்கள் சேர்ந்து வசிக்கும் குடித்தனம் மட்டும்; தனியாளாக வசிப்பவர் அதில் வரமாட்டார். குடித்தன வருமானத்தோடு கலக்காதீர்கள்.

மீடியன்களுக்குச் சராசரி

பல கவுன்டிகளைச் சேர்த்து ஒரே எண் வேண்டுமென்றால் அவற்றின் மீடியன்களுக்குச் சராசரி எடுக்கக் கூடாது. மக்கள்தொகையால் எடை போட்டாலும் கூடாது. சர்வேயின் பி19001 அட்டவணையில் 16 வருமான அடுக்குகளில் குடித்தன எண்ணிக்கை இருக்கிறது. அவற்றைக் கூட்டி, நடு குடித்தனம் விழும் அடுக்குக்குள் இடைமதிப்பு காணுங்கள்.

எல்லை நகர்வது

தெற்கு டகோட்டாவின் ஷானன் கவுன்டி 2015-இல் ஓக்லாலா லகோட்டா ஆனது. ஃபிப்ஸ் எண் 46113 போய் 46102 வந்தது. பெயர் மாற்றம் மட்டும் என்பதால் இது சுலபம். கனெக்டிகட்தான் தலைவலி. 2022 கோப்பிலிருந்து அதன் 8 கவுன்டிகளுக்குப் பதில் 9 திட்டமிடல் வட்டாரங்கள். பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆனால் இரண்டுமே 169 டவுன்களால் ஆனவை. டவுன்வாரியாக பி19001 எடுத்துப் பழைய கவுன்டிக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். டவுன் அளவில் பிழை வரம்பு பெரிதாக இருக்கும், அதையும் சேர்த்தே எழுதுங்கள்.