எண்ணெய் ரிக் நிறுவனத்தின் பங்கை எடைபோடுவது எப்படி

ஜூரோங், துவாஸ் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு ரிக், அதாவது கடலில் எண்ணெய்க் கிணறு துளையிடும் மேடை, புதிதல்ல. ஆனால் ரிக்கைக் கட்டும் நிறுவனம் வேறு, அதைக் கடலில் நிறுத்தித் துளையிட்டு வாடகை வாங்கும் நிறுவனம் வேறு. செம்ப்கார்ப் மரின் 2023-ல் கெப்பலின் ரிக் கட்டும் பிரிவை வாங்கி, சீட்ரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அது முதல் வகை, சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலேயே கிடைக்கும். டிரான்ஸ்ஓஷன், நோபிள், வலாரிஸ், சீட்ரில், போர் டிரில்லிங் எல்லாம் இரண்டாம் வகை. இவற்றுக்கு நியூயார்க் சந்தைக்குப் போக வேண்டும். எண்ணெய் விலை ஏறினால் இரண்டு வகையும் ஏறும் என்று ரிமிசியர், அதாவது பங்குத் தரகர், சொல்லலாம். ஆனால் கட்டுபவருக்குப் புது ஆர்டர் வந்தால்தான் பிழைப்பு; வாடகை விடுபவருக்கோ புது ரிக் கடலுக்கே வராமல் இருந்தால் நல்லது. இங்கே சொல்வது முழுக்க வாடகை விடுபவரைப் பற்றி.

முதலில் ரிக் பட்டியலை எடுங்கள். ஜாக்கப் என்பது கால்களைக் கடல் தரையில் ஊன்றி நிற்பது. சுமார் 400 அடி ஆழம் வரைதான் அதற்கு வேலை. செமி-சப்மெர்சிபிளும் டிரில்ஷிப்பும் மிதப்பவை. நவீன டிரில்ஷிப் 12,000 அடி ஆழ நீரிலும் துளையிடும். ஜாக்கப்புக்கும் மிதவைகளுக்கும் வாடிக்கையாளர் வேறு, சந்தை வேறு. ஜாக்கப் தொழிலில் பெரிய வாடிக்கையாளர்கள் அரசு எண்ணெய் நிறுவனங்கள். அவற்றில் ஒன்று மனம் மாறினாலே சந்தை ஆடும்: 2024-ல் சவூதி அராம்கோ இருபதுக்கும் மேற்பட்ட ஜாக்கப்களின் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது, அந்த ரிக்குகள் மற்ற நாடுகளின் டெண்டர்களுக்குப் படையெடுத்தன. அப்போது எண்ணெய் விலை ஒன்றும் சரிந்து கிடக்கவில்லை. மிதவை ரிக்குகளின் வேலை பிரேசில், கயானா, மெக்சிகோ வளைகுடா, மேற்கு ஆப்பிரிக்கா என்று பரவிக் கிடக்கிறது. அங்கே பிரேசிலின் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸின் டெண்டர் அட்டவணையைக் கவனிக்காமல் கணிப்பே இல்லை.

வயதைவிடத் தலைமுறை முக்கியம். எண்ணெய் நிறுவனங்கள் இரண்டு பிஓபி (கிணறு வெடித்துப் பீறிடாமல் அடைக்கும் கடல்தரை வால்வுத் தொகுதி) உள்ள ஏழாம் தலைமுறை டிரில்ஷிப்பை முதலில் எடுக்கும். ஒரே பிஓபி உள்ள பழையது கடைசியில்தான் போகும். துவாஸில் செம்ப்கார்ப் மரின் கட்டி 2022-ல் ஒப்படைத்த டீப்வாட்டர் அட்லஸ், டீப்வாட்டர் டைட்டன் இரண்டும் எட்டாம் தலைமுறை. 20,000 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள கிணறுகளுக்கானவை. இப்படிப்பட்ட ரிக்கையும் 2009-ல் கட்டிய செமியையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்து, எங்களிடம் இத்தனை ரிக் என்று சொல்லும் விளக்கக் காட்சியை நம்ப வேண்டாம்.

அடுத்து, காலாண்டுக்கு ஒருமுறை நிறுவனம் வெளியிடும் ரிக் நிலவர அறிக்கை. நிறுவனத்தின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியில் இருக்கும், காசு வேண்டாம். ஆண்டறிக்கையைவிட இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: டிரில்ஷிப், 2014-ல் கட்டியது, பிரேசில், மார்ச் 2025 முதல் பிப்ரவரி 2027 வரை, நாள் வாடகை 410,000 டாலர். பெரும்பாலானவர்கள் 410,000-ஐப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். சங்கதி அடிக்குறிப்பில் இருக்கிறது.

அந்த வாடகைக்குள் கூடுதல் சேவைகளுக்கான கட்டணமும் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் செலவும் அதே அளவு கூடும், லாபம் கூடாது. ரிக்கை ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப்போகும் கட்டணம் தனியாக வருகிறதா, நாள் வாடகையில் கரைத்துவிட்டார்களா? பிப்ரவரி 2027-க்குப் பிறகு ஆப்ஷன் என்று போட்டிருந்தால், அது ஒப்பந்தத்தை நீட்டிக்க வாடிக்கையாளருக்கு உள்ள உரிமை, நிறுவனத்தின் வருமானம் அல்ல. விலை குறிக்காத ஆப்ஷனுக்கு உங்கள் கணக்கில் சுழியம் போடுங்கள். விருப்பக் கடிதம் நிலையில் உள்ளதும் ஒப்பந்தம் அல்ல. வாடிக்கையாளர் காரணம் சொல்லாமலே விலகலாமா, விலகினால் எத்தனை நாள் வாடகையை ஈடாகத் தர வேண்டும் என்பது ஆண்டறிக்கையின் இடர் பகுதியில் இருக்கும். பேக்லாக் (கையெழுத்தான ஒப்பந்தங்களில் இனி வரவேண்டிய வருமானம்) இத்தனை பில்லியன் என்ற தலைப்புச் செய்தி இந்தச் சல்லடையில் விழுந்து எழுந்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று: ஒப்பந்தத்தில் ஒரே வாடகை இருப்பதில்லை. துளையிடும்போது முழு வாடகை, காத்திருந்தால் அதைவிடக் குறைவு, பழுதுபார்க்கும்போது மாதத்துக்குச் சில மணி நேரம் மட்டும் சலுகை, அதைத் தாண்டினால் வாடகையே கிடையாது. பிஓபியில் ஒரு கசிவு கண்டால், அதைக் கடல் தரையிலிருந்து மேலே ஏற்றி, சரிசெய்து, சோதித்து, மறுபடி இறக்க வேண்டும். ஆழ்கடலில் இதற்குப் பல நாள் பிடிக்கும். அத்தனை நாளும் ஊழியர் சம்பளம் ஓடும், வருமானம் நிற்கும். வாங்கக்கூடிய முழு வாடகையில் உண்மையில் வாங்கியது எத்தனை விழுக்காடு என்பதை நிறுவனங்கள் காலாண்டுதோறும் சொல்கின்றன. 95-ஐ ஒட்டியிருந்தால் சரி. இரண்டு காலாண்டு தொடர்ந்து 92-க்குக் கீழே போனால், காலாண்டு முடிவுகளை நிர்வாகம் விளக்கும் மாநாட்டு அழைப்பின் எழுத்துவடிவத்தில் எந்த ரிக், என்ன கோளாறு என்று தேடுங்கள்.

ஒரு ரிக்கை வைத்து ஒரு வருடம்

இப்போது கணக்கு. கீழே உள்ள எண்கள் எந்த நிறுவனத்துடையதும் அல்ல, முறையைக் காட்டுவதற்காக எடுத்தவை. விரிதாளில் அப்படியே போட்டுப் பாருங்கள்.

ஒரு டிரில்ஷிப், நாள் வாடகை 450,000 அமெரிக்க டாலர். வருடத்தில் இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே 30 நாள் சும்மா நிற்கிறது. மீதி 335 நாளில் 95 விழுக்காடு வாடகை கைக்கு வருகிறது: 143.2 மில்லியன். நடைமுறைச் செலவு நாளுக்கு 170,000. இது வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 365 நாளும் ஓடும், ஏனென்றால் 30 நாள் இடைவெளிக்காக யாரும் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது: 62 மில்லியன். ரிக் அளவில் மிஞ்சுவது 81.2 மில்லியன்.

ஆய்வாளர் அறிக்கைகள் பலவும் இங்கேயே நின்று ரிக்கின் மதிப்பைச் சொல்லிவிடும். நீங்கள் தொடருங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கப்பல்களுக்கும் ரிக்குகளுக்கும் தகுதிச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கத்தின் பெரிய ஆய்வு, பிஓபி மராமத்து ஆகியவற்றின் ஓராண்டுப் பங்கு 10 மில்லியன். தலைமையகச் செலவில் இந்த ரிக்கின் பங்கு 8. வரி 8, சில நாடுகளில் லாபத்தைப் பார்க்காமல் வருவாயிலேயே வரி பிடிப்பதால், நட்டக் கணக்கு காட்டும் ஆண்டிலும் இது போகும். ரிக்கின் தலையில் உள்ள கடன் 400 மில்லியன், வட்டி 8.5 விழுக்காடு: 34. எல்லாம் போக 21.2 மில்லியன். கடனின் அசலை இதிலிருந்துதான் அடைக்க வேண்டும்.

வாடகையை 380,000-ஆகக் குறைத்துப் பாருங்கள். குறைந்தது 16 விழுக்காடுதான். ஆனால் 21.2 மில்லியன் மறைந்து, 1.1 மில்லியன் பள்ளம் விழுகிறது. வாடகையை 450,000-இலேயே விட்டுவிட்டு, சும்மா நிற்கும் நாளை 30-லிருந்து 120-ஆக்குங்கள்: பள்ளம் 17.3 மில்லியன். அதாவது கூடுதலாக மூன்று மாதம் வேலையின்றி நிற்பது, வாடகையில் 70,000 விட்டுக்கொடுப்பதைவிடப் பெரிய அடி. இந்த ரிக் தாங்குவது மொத்தம் 79 வெறும் நாள்; 80-ஆவது நாளிலிருந்து கையை விட்டுத்தான் போகும். புதிய ஒப்பந்தம் சாதனை வாடகையில் கையெழுத்தானது என்று செய்தி வரும்போது எப்போது தொடங்குகிறது, அதுவரை ரிக் எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டியது இதனால்தான். நிர்வாகம் வாடகையை விட்டுக்கொடுத்து இடைவெளியை அடைத்தால் சந்தை முகம் சுளிக்கும். பல நேரம் அதுதான் சரியான முடிவு.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு ரிக்குக்கும் இந்தக் கணக்கைப் போட்டு, ஒப்பந்தம் முடியும் தேதிகளை ஒரு நாள்காட்டியில் குறியுங்கள். மூன்று, நான்கு ரிக்குகள் ஒரே காலாண்டில் விடுபடுகின்றன என்றால் அடுத்த ஆண்டு வருமானத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது ஊகம்.

நிறுத்திவைத்த ரிக்

ரிக் பயன்பாடு 90 விழுக்காடு என்று படித்தால், எதில் 90 என்று பாருங்கள். சந்தைக்கு விட்ட ரிக்குகளை மட்டும் கணக்கில் எடுத்து, ஓரங்கட்டியவற்றை விட்டுவிடுவது வழக்கம். குறைந்த ஊழியர்களோடு இயந்திரம் சூடாக நிற்கும் ரிக்கை ஓரிரு மாதத்தில் வேலைக்கு அனுப்பலாம். இயந்திரத்தை அணைத்து, ஈரம் உறிஞ்சும் கருவிகளை ஓடவிட்டு, காவலுக்குச் சிலரை மட்டும் வைத்திருப்பது வேறு கதை. அதில் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும், ரிக்கை ஒரே இடத்தில் நிறுத்தும் உந்துவிசிறிகளான திரஸ்டர்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும், கட்டுப்பாட்டு மென்பொருள் காலாவதியாகியிருக்கும். அப்படி வருடக்கணக்கில் கிடந்த டிரில்ஷிப்பை எழுப்ப 100 மில்லியன் டாலருக்கு மேல் ஆகலாம். அந்தப் பணத்தை வாடிக்கையாளர் முன்பணமாகத் தராதவரை அதைச் சொத்து என்று எண்ணாமல், செலவு வைக்கும் இரும்பு என்று எண்ணுவது பாதுகாப்பு. கணக்குப் புத்தகத்தில் அது பல நூறு மில்லியனாக நிற்கும்; ஒரு நாள் மதிப்பிழப்பு என்று ஒரே வரியில் போய்விடும். ஆகவே புத்தக மதிப்பில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்ற வாதத்துக்கு இந்தத் தொழிலில் பெரிய எடை கிடையாது.

யார் முன்னால் நிற்கிறார்கள்

2014 நடுவில் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 110 டாலருக்கு மேல். 2016 ஜனவரியில் 30-க்குக் கீழ். அந்தச் சரிவில் கடனோடு மாட்டியவர்கள் அடுத்த ஐந்தாண்டில் வரிசையாக விழுந்தார்கள். சீட்ரில் 2017-லும் 2021-லும், டயமண்ட் ஆஃப்ஷோர், நோபிள், வலாரிஸ் மூன்றும் 2020-லும் அமெரிக்க திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தில் தஞ்சம் புகுந்தன. நிறுவனம் பிழைத்தது, ரிக்குகள் ஓடின. கடன் கொடுத்தவர்கள் புதுப் பங்குகளை எடுத்துக்கொண்டார்கள், பழைய பங்குதாரருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இன்று நோபிள், வலாரிஸ், சீட்ரில் பங்குகளின் விலை வரைபடத்தைத் திறந்தால் 2021, 2022-லிருந்துதான் தொடங்கும். மீண்டு வந்த காலம் மட்டுமே அதில் தெரியும், அழிந்துபோன காசு தெரியாது. டிரான்ஸ்ஓஷன் திவாலைத் தவிர்த்தது. அதற்கு விலையாகப் பத்தாண்டில் அதன் பங்கு எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது.

சிங்கப்பூரில் இந்தப் பாடத்தைப் பங்குதாரர்கள் மட்டும் படிக்கவில்லை. 2016-ல் சுவைபர், 2017-ல் எஸ்ரா என்று கடல்சார் சேவை நிறுவனங்கள் சரிந்தபோது, 250,000 சிங்கப்பூர் வெள்ளி கட்டுகளில் கடன் பத்திரம் வாங்கிய தனிமனிதர்களும் மாட்டிக்கொண்டார்கள். கட்டும் பக்கத்திலோ, பிரேசிலின் செட்டே பிராசில் என்ற ரிக் நிறுவனம் கெப்பலிடம் 6 செமிகளும் செம்ப்கார்ப் மரினிடம் 7 டிரில்ஷிப்புகளும் கேட்டுவிட்டு 2016-ல் நொடித்தது.

எனவே கடன் முதிர்வு அட்டவணையை எடுத்து, மேலே போட்ட ஒப்பந்த நாள்காட்டியின் மேல் வையுங்கள். பெரிய கடன் முதிரும் ஆண்டும் ரிக்குகள் விடுபடும் ஆண்டும் ஒன்றாக விழுந்தால், பங்கு எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் ஒதுங்குவது நல்லது. நிகரக் கடன் ஆண்டு இயக்க லாபத்தில் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் ஒரு மந்தநிலையைத் தாங்கலாம். நான்கைத் தாண்டினால் நீங்கள் வாங்குவது பங்கு அல்ல, வாடகை ஏறும் என்ற பந்தயம்.

வரும் காலத்தைக் கணிக்க

தினசரி எண்ணெய் விலை இதற்கு அவ்வளவு உதவாது. ஆழ்கடல் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கி ரிக் வரும்வரை ஆண்டுகள் ஆகும். விலை ஆறு மாதம், ஒரு வருடம் தாழ்ந்தே கிடந்தால்தான் திட்டங்கள் தள்ளிப்போகும். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கும் வேலை தொடங்குவதற்கும் இடையே உள்ள மாதங்களைக் குறித்து வாருங்கள். அந்த இடைவெளி நீண்டால் எண்ணெய் நிறுவனங்கள் ரிக் கிடைக்காதோ என்று முன்கூட்டியே பிடித்துவைக்கின்றன. குறுகினால் அவசரம் இல்லை. ஒப்பந்தக் காலமும் இதையே சொல்லும். வரத்துப் பக்கம் நிலைமை தெளிவு: 2014-க்குப் பின் புது டிரில்ஷிப் ஆர்டர் ஏறக்குறைய நின்றுவிட்டது, பழையவை உடைப்புக்குப் போயின. அதனால் தேவை சற்றுக் கூடினாலும் வாடகை வேகமாக ஏறும். 2020, 2021-ல் 200,000 டாலருக்கு வேலை தேடிய டிரில்ஷிப்புகள் 2023, 2024-ல் 450,000-ஐத் தாண்டின. தேவை தள்ளிப்போகும் ஆண்டில் இதே கத்தி மறுபக்கம் வெட்டும்.

சிங்கப்பூரிலிருந்து வாங்குபவர் நிறுவனம் எங்கே பதிவானது என்று பார்க்க வேண்டும். சந்தை நியூயார்க்காக இருப்பது வரியைத் தீர்மானிப்பதில்லை. அமெரிக்காவில் பதிவான நிறுவனத்தின் லாப ஈவில் 30 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள், நமக்கும் அவர்களுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இல்லை. நோபிள் பிரிட்டனிலும், வலாரிஸ், சீட்ரில், போர் மூன்றும் பெர்முடாவிலும் பதிவானவை. அங்கே இந்தப் பிடித்தம் இல்லை. டிரான்ஸ்ஓஷன் சுவிட்சர்லாந்தில், அங்கே பொதுவாக 35 விழுக்காடு, ஆனால் பல ஆண்டுகளாக அது லாப ஈவே தருவதில்லை. தரகர் வேறுவிதமாகப் பிடித்திருந்தால் கேட்டுத் திரும்பப் பெறுங்கள். அமெரிக்காவில் பதிவான பங்குகள் 60,000 டாலருக்கு மேல் இருந்தால், உரிமையாளர் இறந்தபின் அந்நாட்டின் வாரிசு வரி 40 விழுக்காடு வரை போகும். வெளிநாட்டில் பதிவானவற்றுக்கு அது பொருந்தாது. பங்கை விற்ற லாபத்துக்கு இங்கே தனிமனிதருக்கு வரி இல்லை. மத்திய சேமநிதிப் பணத்தில் இவற்றை வாங்க முடியாது; சீட்ரியம் போல உள்ளூர்ச் சந்தையில் உள்ள தகுதிபெற்ற பங்குகளுக்குத்தான் அது, அதுவும் முதலீடு செய்யத்தக்க சேமிப்பில் 35 விழுக்காடு வரம்போடு. வருமானம், கடன், பங்கு விலை மூன்றுமே அமெரிக்க டாலரில். சிங்கப்பூர் வெள்ளி வலுத்தால் பங்கு ஏறிய ஆண்டிலும் கையில் வருவது குறையும்.