பழைய டர்போ கார் திடீர் திடீர்னு நின்னுபோகுதா? வீட்டு வாசல்லயே காரணம் கண்டுபிடிக்கிற வழி

இங்க தென்னாப்பிரிக்கால டர்பன்ல, முக்கியமா சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம், பழைய டர்போ காருங்க, அதாவது காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ற டர்போ வச்ச வண்டிங்க, இன்னும் நிறைய ஓடுது. கோல்ஃப் 4 ஜிடிஐ, ஆடி ஏ4 1.8டி மாதிரி வண்டிங்க. ஓட்ட அவ்வளவு சுகம், ஆனா வயசாக ஆக இந்த வியாதி வருது: நல்லா ஓடிட்டு இருக்கும், ரோபோட் (டிராஃபிக் சிக்னல்) சிவப்பு ஆயிடுச்சேன்னு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா இன்ஜின் பொசுக்குனு ஆஃப் ஆயிடும், சாவிய திருப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிடும். ஒர்க்ஷாப்புக்கு கொண்டுபோனா அன்னிக்கு மட்டும் நிக்காது. அப்புறம் ஊகத்துல ஒரு பார்ட் மாத்தி, இன்னொண்ணு மாத்தி, காசு போகும், வியாதி அப்படியே இருக்கும்.

நான் இத எழுதுறதுக்கு காரணம், இது வெறும் தொந்தரவு இல்ல, ஆபத்து. இன்ஜின் நின்னா பவர் ஸ்டியரிங் கல்லா இறுகிடும், பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வாக்குவம் ஒண்ணு ரெண்டு மிதிக்குதான் வரும். பிள்ளைங்கள வச்சுக்கிட்டு என்3 ஹைவேல லாரிங்களுக்கு நடுவுல அப்படி ஆனா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. அதனால காரணம் தெரியற வரைக்கும் ஹைவே பக்கம் போகாதீங்க.

முதல்ல நோட்டுப் புத்தகம், அப்புறம்தான் ஸ்பேனர்

எந்த பார்ட்டும் வாங்காதீங்க. கொஞ்ச நாளைக்கு வண்டி நிக்கும்போதெல்லாம் எழுதி வைங்க. இன்ஜின் சூடா குளிரா, கால எடுத்தப்பவா மிதிச்சிட்டு இருந்தப்பவா, மழையா, டேங்க்ல எவ்வளவு பெட்ரோல், உடனே ஸ்டார்ட் ஆச்சா இல்ல ஆற வைக்க வேண்டியிருந்துச்சா, ஆர்பிஎம் முள் எப்படி விழுந்துச்சு. பாதி பதில் இதுலயே வந்துடும். கால எடுத்தப்ப மட்டும் நின்னா காத்து கணக்குல தப்பு. நல்லா சூடானப்புறம் நின்னு, ஆறினாதான் ஸ்டார்ட் ஆகுதுன்னா கிராங்க் சென்சார் (இன்ஜின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்றது), இல்லன்னா பெட்ரோல் பம்ப். குழியில ஏறி இறங்கும்போது நின்னா ஒயரிங், இல்லன்னா ரிலே (கரண்ட ஆன் ஆஃப் பண்ற சின்ன சுவிட்ச் பெட்டி). ஸ்டார்ட் ஆகி ஒண்ணு ரெண்டு செகண்ட்ல நின்னு, டாஷ்போர்டுல சாவி விளக்கு மினுக்குச்சுன்னா அது இம்மொபிலைசர் (சாவிய சரிபார்க்கிற திருட்டுத் தடுப்பு), கீழ சொல்றது எதுவும் அதுக்கு உதவாது.

கோட் படிக்கிறது

வண்டி கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கிற கோளாறு கோட படிக்க, விலை குறைவான புளூடூத் ஓபிடி ரீடர் ஒண்ணும் போன்ல ஒரு ஆப்பும் போதும். எஞ்சின் லைட் எரியலன்னாலும் மாட்டிப் பாருங்க, உள்ள கோட் காத்திட்டு இருக்கலாம். பி0171 வந்தா கலவையில பெட்ரோல் கம்மி, பி0172 வந்தா பெட்ரோல் ஜாஸ்தி, பி0335 கிராங்க் சென்சார், பி0101 பி0102 ரெண்டும் ஏர்ஃப்ளோ மீட்டர் (உள்ள போற காத்த அளக்கிறது). ஆனா கோட் சொன்ன பார்ட்ட உடனே மாத்திடாதீங்க, பி0171 வந்ததுக்கு காரணம் பெரும்பாலும் எங்கயோ கிழிஞ்ச ஒரு ஹோஸாதான் இருக்கும்.

லைவ் டேட்டால மூணு பாருங்க. ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல எவ்வளவு கூட்டி குறைச்சு சரி பண்ணுதுன்னு காட்றது) ப்ளஸ் மைனஸ் 10 சதவீதத்த தாண்டுதா. சூடான 1.8 லிட்டர் இன்ஜின் ஐட்லிங்ல ஏர்ஃப்ளோ செகண்டுக்கு சுமார் 2-லேர்ந்து 4 கிராம் வருதா. காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கூலன்ட் வெப்பமும் உள்ள போற காத்தோட வெப்பமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கா. டர்பன்ல வெளிய 24 டிகிரி இருக்கும்போது கூலன்ட் மைனஸ்ல காட்டினா அந்த சென்சார் போச்சு, கம்ப்யூட்டர் பனிக்காலம்னு நெனச்சு பெட்ரோல ஊத்திட்டு இருக்கு.

காத்து லீக்: டர்போ வண்டில முதல் சந்தேகம் இங்கதான்

இத நிதானமா புரிஞ்சுக்கங்க. ஏர் ஃபில்டர தாண்டினதும் ஏர்ஃப்ளோ மீட்டர் காத்த அளக்குது, அந்த அளவுக்கு தகுந்த மாதிரி கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுது. அதுக்கப்புறம் காத்து டர்போ, அத ஆற வைக்கிற இன்டர்கூலர், காத்துக்கு கதவு மாதிரி இருக்கிற த்ராட்டில்னு நீளமா சுத்திதான் இன்ஜினுக்குள்ள போகுது. வழியில எங்க ஓட்டை இருந்தாலும் கணக்கு தப்புது. பூஸ்ட் இருக்கும்போது, அதாவது டர்போ காத்த அழுத்தித் தள்ளும்போது, அளந்த காத்து வெளிய போயிடும், பெட்ரோல் ஜாஸ்தி ஆகும். ஐட்லிங்ல இன்ஜின் பக்கம் வாக்குவம் இருக்கிறதால அளக்காத காத்து உள்ள வரும், பெட்ரோல் கம்மி ஆகும். ரொட்டி மாவுக்கு ஒருத்தர் தண்ணிய அளந்து வைக்க, இன்னொருத்தர் பார்க்காம கொஞ்சம் கொட்டிட்டா எப்படி இருக்கும், அதே கதைதான்.

இதனாலதான் நம்ம தம்பிமாருக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பிஷ்ஷ்னு சத்தம் வர்ற டம்ப் வால்வ் மாட்டியிருந்தா, அதுவே காரணமா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். கால எடுத்ததும் அது அளந்த காத்த வெளிய விட்டுடுது, பெட்ரோல் மட்டும் வருது, இன்ஜின் மூச்சு முட்டி நிக்குது. கம்பெனி வால்வ் அந்த காத்த திரும்ப டர்போ வாய்க்கே அனுப்பும். ஏர்ஃப்ளோ மீட்டர் வச்ச வண்டில பழைய வால்வ திரும்ப மாட்டி ஓட்டிப் பாருங்க. பழசையும் சோதிங்க: அதோட சின்ன குழாய்ல வாய் வச்சு உறிஞ்சி நாக்கால அடைச்சா பிடிச்சு நிக்கணும், நிக்கலன்னா உள்ள டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு.

லீக் தேட சிலர் ஓடுற இன்ஜின் மேல கார்ப் கிளீனர் அடிப்பாங்க, தயவு செஞ்சு செய்யாதீங்க, டர்போ சூட்டுல தீ பிடிக்கும். ப்ரெஷர் டெஸ்ட் பண்ணுங்க. இன்ஜின் ஆஃப், நல்லா ஆறியிருக்கணும். ஏர்ஃப்ளோ மீட்டர கழட்டிட்டு டர்போவுக்கு போற ரப்பர் ஹோஸ் வாய்ல, பிளம்பிங் கடையில கிடைக்கிற பிவிசி மூடிய கிளிப் போட்டு இறுக்குங்க. மூடில ஓட்டை போட்டு ஒரு டயர் வால்வ் மாட்டியிருக்கணும். இன்ஜின்ல இருந்து ஆயில் ஆவிய கொண்டு வர்ற ப்ரீதர் ஹோஸையும் கழட்டி, அது சேர்ற இடத்த அடைச்சிடுங்க, இல்லன்னா ப்ரெஷர் ஆயில் சீல் மேல போகும். கால் பம்ப்ல மெதுவா 0.3 பார், மிஞ்சினா 0.5 பார். அதுக்கு மேல வேணாம்.

இப்ப சோப்பு தண்ணிய ஒவ்வொரு ஜாயின்ட்லயும் அடிங்க. நுரை எங்க பொங்குதோ அங்கதான் லீக். ஹோஸோட அடிப்பக்கத்த கையால தடவிப் பாருங்க, ஆயில் பட்டு ஊறி கிழியறது பெரும்பாலும் கண்ணுக்கு தெரியாத அந்தப் பக்கம்தான். இன்டேக் மேனிஃபோல்டுக்கு (காத்த ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு அனுப்புற குழாய்) கீழ இருக்கிற ப்ரீதர் பைப்புங்க பிளாஸ்டிக் மாதிரி நொறுங்கிடும், அதையும் விடாதீங்க. ஆயில் ஊத்துற மூடி பக்கம் லேசா ஸ்ஸ்னு கேட்டா பயப்படாதீங்க, திறந்திருக்கிற வால்வ் வழியா கொஞ்சம் காத்து போகத்தான் செய்யும்.

ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) போறவங்க கவனிங்க, அது கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காத்து மெலிசு, அதே பவருக்கு டர்போ ஜாஸ்தி உழைக்கணும், அதனால டர்பன்ல சும்மா கெடந்த சின்ன லீக் வழியில வான் ரீனன் மலைப்பாதை ஏறும்போது பெருசா தெரியும்.

ஏர்ஃப்ளோ மீட்டர், த்ராட்டில்

லீக் இல்லன்னா, இன்ஜின ஆஃப் பண்ணி ஏர்ஃப்ளோ மீட்டர் பிளக்க கழட்டிட்டு வீட்டு பக்கமே ஓட்டுங்க. அப்ப வண்டி ஆஃப் ஆகாம ஓடினா மீட்டர் மேல சந்தேகம். அதுக்குன்னே விக்கிற ஸ்ப்ரேல கழுவுங்க, பிரேக் கிளீனர் வேணாம், உள்ள இருக்கிற மெல்லிசு கம்பிய தொடவே கூடாது. த்ராட்டில் ஓரத்துல கருப்பா படிஞ்சிருந்தா துடைங்க. கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில்னா விரலால தள்ளாதீங்க, துடைச்சப்புறம் டயக்னாஸ்டிக் கேபிள் வச்சிருக்கிற யாரையாவது கூப்பிட்டு அடாப்டேஷன் (த்ராட்டிலோட நிலைய கம்ப்யூட்டருக்கு புதுசா கத்துக் கொடுக்கிறது) பண்ணிடுங்க.

சூட்டுல நிக்கிற வண்டி

வண்டி இன்னும் உருண்டுட்டு இருக்கும்போதே ஆர்பிஎம் முள் பட்டுனு பூஜ்யத்துக்கு விழுந்தா, செல்ஃப் அடிக்கும்போது முள் அசையவே இல்லன்னா, கிராங்க் சென்சார். நின்ன உடனே, ஃபேன், பெல்ட், எக்ஸாஸ்ட் எதுலயும் கை படாம, ஈரத்துணிய சென்சார் மேல கொஞ்ச நேரம் வைங்க. ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா ஆள் சிக்கிட்டான்.

முள் அசையுது ஆனா ஸ்டார்ட் ஆகலன்னா பெட்ரோல் பக்கம் போங்க. சாவிய ஆன் பண்ணி பின் சீட்ல காது வைங்க, ரெண்டு செகண்ட் உர்ர்னு கேட்கணும். கோல்ஃப் 4ல 409னு நம்பர் போட்ட பம்ப் ரிலேக்குள்ள சால்டர் விட்டுப்போறது சகஜம், ஐட்லிங்ல இருக்கும்போது அத விரலால தட்டுங்க, இன்ஜின் தடுமாறினா அதுதான். பெட்ரோல் லைன புதுசா கத்துக்கறவங்க திறக்க வேணாம், அதுல ப்ரெஷர் இருக்கு, ப்ரெஷர் கேஜ் டெஸ்ட்ட தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட விடுங்க.

கடல் பக்கம் வீடு இருந்தா பேட்டரி மைனஸ இன்ஜினோட சேர்க்கிற எர்த் ஒயர கட்டாயம் பாருங்க, உப்புக்காத்து அத உள்ளுக்குள்ளயே தின்னுடும். மல்டிமீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ண இன்ஜின் உடம்புலயும் வச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா ஒயர மாத்துங்க.

சரி பண்ணப்புறம்

கோட அழிச்சிட்டு ஒரு வாரம் வீட்டு பக்கமே ஓட்டுங்க, தினமும் ஃப்யூல் ட்ரிம்ம பார்த்து அதே நோட்ல எழுதுங்க. பூஜ்யத்துக்கு பக்கத்துலயே நின்னா ஹைவேல எடுக்கலாம். சில மாசம் கழிச்சு திரும்ப ஏற ஆரம்பிச்சா இன்னொரு ஹோஸ் விட ஆரம்பிச்சிருக்கு, அதனால அந்த பிவிசி மூடிய தூக்கிப் போட்டுடாதீங்க.