வெள்ளத்தில் பயிரும் ஆடு மாடும் போனால் நிவாரணம் வாங்கும் வழி

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் (மழைக்காலப் போகம்) இளம்பயிராக நிற்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் வலுக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளமும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. நிவாரணப் பணம் அரசாணை வந்த பிறகே கைக்கு வரும். ஆனால் பட்டியலில் உங்கள் பெயர் ஏறுமா என்பது, தண்ணீர் வடிந்து கணக்கெடுப்பு முடிவதற்குள் தீர்மானமாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அடங்கலை, அதாவது கிராமக் கணக்கில் பயிர் விவரம் எழுதும் பதிவேட்டைப் பாருங்கள். நிலம் யாருடையது என்பதற்குப் பட்டா சாட்சி. இந்தப் பசலியில் (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டில்) அங்கே என்ன பயிர் நின்றது என்பதற்கு அடங்கல்தான் சாட்சி. நட்ட கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) போய் சர்வே எண், உட்பிரிவு, பயிர், பரப்பு நான்கும் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். வாழை நிற்கும் இடத்தில் நெல் என்றோ தரிசு என்றோ இருந்தால் வெள்ளத்துக்குப் பிறகு திருத்துவது பெரும்பாடு. கோயில் நிலத்தையோ அடுத்தவர் நிலத்தையோ குத்தகைக்குப் பயிரிடுகிறவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அடங்கலில் சாகுபடி செய்பவராக உங்கள் பெயர் இல்லையென்றால், பணம் பட்டாதாரருக்குப் போய்விடக்கூடும். குத்தகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் உதவி. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் கூட்டாக வந்து பார்ப்பார்கள்; வாழை, காய்கறிக்குத் தோட்டக்கலைத் துறை. அவர்கள் வரும் நாளில் வயலில் நில்லுங்கள். சாய்ந்த வாழையை வெட்டி அப்புறப்படுத்துவதும் அழுகிய நாற்றை உழுது மடக்குவதும் அதற்குப் பிறகுதான். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் தேதியும் இடமும் பதிவாகும்படி படம் எடுத்துவிட்டு, வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

மத்திய அரசு 2022-23 முதல் 2025-26 வரைக்கு வகுத்த நெறிமுறையில் ஹெக்டேருக்கு இறவைப் பயிர் (பாசனம் உள்ளது) 17,000 ரூபாய், மானாவாரி 8,500, பல்லாண்டுப் பயிர் 22,500. அதிகபட்சம் 2 ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் சுமார் 6,880 வரும். 60 செண்டுக்கு 4,130 போல. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தனி அரசாணை வரும் என்பதால் அதிலுள்ள தொகையைத்தான் இறுதியாகக் கொள்ள வேண்டும்.

பலரும் கேட்காமல் விடுவது மணல் மேட்டுக்கான உதவியை. ஆற்று மணலோ வண்டலோ வயலில் 3 அங்குலத்துக்கு மேல் படிந்தால், அகற்ற அதே நெறிமுறையில் ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் சிறு, குறு விவசாயிகளுக்கு உண்டு. ஆள் விட்டு அள்ளுவதற்கு முன் ஆழத்தை அளந்து காட்டிவிடுங்கள்.

கால்நடைக்கு அதே நெறிமுறையில், ஒன்றுக்கு: பசு, எருமை 37,500 ரூபாய், உழவு மாடு 32,000, கன்று 20,000, ஆடு 4,000. ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு 3, ஆடு 30 வரைதான். ஊர் ஊராக வயலில் கிடை போட்டு நூறு, இருநூறு ஆடு மேய்ப்பவர்களுக்கு இந்த வரம்பு பெரிய அநியாயம். செத்ததைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தருவதற்குள் புதைத்துவிடாதீர்கள். காது வில்லை இருந்தால் எண்ணைக் குறித்து வையுங்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போய் உடலே கிடைக்கவில்லை என்றால் அன்றே வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுங்கள்; அக்கம்பக்கத்தாரையும் ஊராட்சித் தலைவரையும் சாட்சி வையுங்கள். கிடை வேறு ஊரில் இருந்தால் சம்பவம் நடந்த ஊரின் வி.ஏ.ஓ.விடம் போக வேண்டும்.

பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே பணம் போகும். அது எந்த வங்கி என்று முன்பே விசாரித்துவிடுங்கள். பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றை இப்போதே வாங்குங்கள். கூட்டுப் பட்டாவென்றால் மற்றவர்களின் சம்மதக் கடிதம் கேட்பார்கள்.

பெயர் விடுபட்டால் தாசில்தாரிடம் மனு கொடுங்கள். அங்கே நகரவில்லையென்றால் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் சர்வே எண்ணும் அடங்கல் நகலும் படமும் இணைத்துக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீடு இதற்குச் சம்பந்தமில்லாத தனிக் கணக்கு; பிரீமியம் கட்டியவர்கள் அதற்கும் தனியாகத் தகவல் சொல்ல வேண்டும், எண் 14447.