நாலு வகையில் ஒவ்வொரு ஜோடி வேண்டாம், ஒரே வகையில் நாலு ஜோடி வாங்குங்கள்

இரண்டடி மீன்தொட்டிக்குக் கூட்டமாகத் திரியும் மீன் வாங்கும்போது, நாலு வகையில் ஒவ்வொரு ஜோடி எடுக்காமல் ஒரே வகையில் நாலு ஜோடியாக எடுங்கள். கடையில் ஜோடிக் கணக்கில் விலை சொல்வதால் கலர் கலராகப் பொறுக்கத்தான் கை போகும்.

டெட்ரா, பார்ப், ரஸ்போரா எல்லாம் கூட்டத்தோடு இருந்தால்தான் பயமில்லாமல் நடுத்தண்ணீருக்கு வரும். இரண்டு மட்டும் இருந்தால் செடிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு இரை எடுக்காது. டைகர் பார்ப் நேர்மாறு. ஆறுக்குக் குறைந்தால் தங்களுக்குள் துரத்தி விளையாடுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் போகிற ஏஞ்சல் மீனின் நீண்ட துடுப்பை நூல் நூலாகக் கடித்துவிடும். எட்டாக விட்டாலும் ஏஞ்சல், கப்பி, ஃபைட்டரோடு அதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

நம்ம திருநெல்வேலி வெயிலுக்கு நியான் டெட்ரா சரிப்படாது, அதற்கு 25 டிகிரிக்குள் தண்ணீர் வேண்டும். சித்திரை, வைகாசியில் தொட்டி 30-ஐத் தொட்டுவிடும். செர்ரி பார்பும் ஹார்லெக்வின் ரஸ்போராவும் 27 வரை தாராளமாக இருக்கும். அதற்கு மேல் போகிற நாட்களில் மூடியைத் திறந்து ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்மேல் ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ரஸ்போராவுக்கு உப்புக் குறைந்த மென்தண்ணீர்தான் பிடிக்கும். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிற போர் தண்ணீர் என்றால் மோலி, பிளாட்டிதான் தோது. அவற்றுக்கு இந்தக் கூட்டக் கணக்கு கிடையாது, ஒரு ஆணுக்கு இரண்டு பெண் போதும்.