அப்பாவின் காரும் அந்தி நேரமும்

எழுபதைத் தாண்டிய அப்பாவுக்கு இரவில் எதிர்வண்டி விளக்கு பட்டால் சில நொடிகள் சாலையே தெரியவில்லை. மஞ்சள் கண்ணாடி வாங்கினோம்; இருட்டை அது இன்னும் கூட்டியது. விண்ட்ஷீல்டை உட்புறமும் துடைத்தோம். பலனில்லை. ஆரம்பநிலைக் கண்புரை, அறுவைக்கு அவசரமில்லை என்றார் கண் மருத்துவர்.

பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் பிடிபட்டது. அந்தியிலேயே, எதிர்விளக்கு இல்லாதபோதும், நடந்து போகிறவர்களைத் தாமதமாகத்தான் பார்க்கிறார். இன்னொன்று, சிக்னல் இல்லாத வலது திருப்பம். எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிப்பதில் தடுமாற்றம்.

சாவியைப் பிடுங்கவில்லை. மாலை ஐந்துக்குள் வீடு, மழையில் கார் எடுப்பதில்லை, வலதுக்குப் பதில் இடதாகவே சுற்றிப்போகும் வழி, நாலுவழிச்சாலை என்றால் பஸ். வழியை அவரே வரைந்ததால் சண்டை வரவில்லை. எங்களுக்குப் பெரிய நிம்மதி. வங்கிக்கும் காய்கறிச் சந்தைக்கும் இப்போதும் அவர்தான் ஓட்டுகிறார்.