ஈ எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: பிரிட்டனுக்குப் புதிதாக வரும் ஹலால் குடும்பங்களுக்கு

ஊரில் பிஸ்கட் வாங்கும்போது பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். பிரிட்டனில் அப்படிச் சட்டம் கட்டாயமாக்கிய புள்ளி எதுவும் கிடையாது. பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். அதில் ஈ 471, ஈ 120 என்று எண்கள் வரும். நிறம், பதப்பொருள் என்று உணவில் சேர்ப்பவற்றுக்கு ஆங்கில 'E' எழுத்தோடு கொடுத்திருக்கும் எண்கள் இவை.

வந்த வாரமே யாராவது வாட்ஸ்அப்பில் நீளமான ஹராம் பட்டியல் ஒன்றை அனுப்புவார்கள். அதை நம்பி நான் முதல் மாதம் முழுவதும் ரொட்டி வாங்கவே இல்லை. பிள்ளைகளுக்கு முட்டையும் உருளைக்கிழங்கும்தான். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த எண், இன்ன பொருளைச் சேர்க்க அனுமதி உண்டு என்பதை மட்டுமே சொல்லும். அதை எதிலிருந்து எடுத்தார்கள் என்று பல நேரம் சொல்லாது. ஈ 100 நம் மஞ்சளில் இருக்கும் குர்குமின். ஈ 300 வைட்டமின் சி. ஈ 406 என்ன தெரியுமா? நோன்பு திறக்க நம் வீடுகளில் காய்ச்சுகிற கடல்பாசி! இந்தியப் பாக்கெட்டுகளில் ஐஎன்எஸ் என்று போட்டு வருவதும் இதே எண்கள்தான்.

சந்தேகப்பட வேண்டியவை கொஞ்சம்தான். ஈ 120 என்பது கார்மைன், பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். மிட்டாயிலும் இளஞ்சிவப்புத் தயிரிலும் பாருங்கள். நம் ஊர் ஆலிம்கள் பெரும்பாலும் தவிர்க்கத்தான் சொல்வார்கள். அதிகம் குழப்புவது ஈ 471. ரொட்டி, கேக், ஐஸ்கிரீம் என்று எதிலும் இருக்கும். பாமாயிலிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். இரண்டுக்கும் ஒரே எண். ஈ 472 வரிசையும், கிளிசராலான ஈ 422-உம் அப்படியே. மாவைப் பதப்படுத்தும் ஈ 920 பறவை இறகிலிருந்தும் வரும், நொதிக்க வைத்தும் செய்வார்கள்.

ஜெலட்டினுக்கு இங்கே ஈ எண்ணே இல்லை. பழைய பட்டியல்களில் 441 என்று இருக்கும், அதைத் தேடினால் தவறவிட்டுவிடுவீர்கள். பெயராகவேதான் எழுதியிருப்பார்கள். ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, மூஸ் எல்லாவற்றிலும் பாருங்கள். வெறும் ஜெலட்டின் என்றிருந்தால் பன்றியாக இருக்கலாம். மாட்டு ஜெலட்டின் என்றிருந்தாலும் ஹலால் முத்திரை இல்லாவிட்டால் அறுப்பு முறை தெரியாது.

சரி, கடையில் நின்று இவ்வளவையும் யோசிக்க முடியுமா? முதலில் 'சூட்டபிள் ஃபார் வெஜிடேரியன்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். அது இருந்தால் விலங்குக் கொழுப்பு, ஜெலட்டின், கார்மைன், சீஸுக்காகப் பாலை உறைய வைக்கச் சேர்க்கும் கன்றுக்குட்டி ரென்னட் பற்றிய கவலை விட்டது. ஆனால் சாராயத்துக்கு அந்த வரி பொறுப்பல்ல. வீகன் முத்திரையும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் வரும் 'மின்ஸ் பை' என்ற உலர்பழப் பலகாரத்தில் பிராந்தி சேர்ப்பது வழக்கம். வைன் ஊற்றிய சாஸ்களும் உண்டு. அதனால் பட்டியலையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

எந்த முத்திரையும் இல்லையென்றால் பாக்கெட்டில் இருக்கும் வாடிக்கையாளர் முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்: "இதிலுள்ள ஈ 471 தாவரமா, விலங்கா?" அந்த ஒரு கேள்வி போதும். செய்முறையை மாற்றுவார்கள் என்பதால் வழக்கமாக வாங்குவதையும் அவ்வப்போது திருப்பிப் பாருங்கள். வினிகர், வெனிலா எசன்ஸ் போன்ற கருத்து வேறுபாடு உள்ளவற்றை உங்கள் மத்ஹபு தெரிந்த ஆலிமிடம் கேட்பதே நல்லது. இங்குள்ள பள்ளிவாசல்களில் ஹனஃபிகள் அதிகம், நம்மில் ஷாஃபிகள் நிறைய, பதில் மாறலாம்.

அப்புறம், உணவு இல்லையென்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஃப்ளூ தடுப்பு மருந்துக்குச் சம்மதப் படிவம் வரும். பிள்ளைகளுக்கு மூக்கில் அடிக்கும் அந்த ஸ்பிரேயில் பன்றி ஜெலட்டின் உண்டு. அது வேண்டாம் என்றால் தடுப்பு மருந்தையே விட்டுவிடாதீர்கள். ஜெலட்டின் இல்லாத ஊசி இருக்கிறது, கேட்டால் இலவசமாகவே போடுவார்கள்.